செகண்ட் ஹேண்ட் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்: டயரும் மேட்டும் வாங்கும் முன்

கார் கைக்கு வந்த முதல் வாரமே பலர் செய்வது இரண்டு வேலை. தரையை முழுக்க மூடும் பளபளப்பான 7டி மேட் போடுவார்கள், நான்கு டயரையும் மாற்றிவிடுவார்கள். இரண்டும் தேவைதான், ஆனால் அவசரம் கூடாது. பழைய டயரும் பழைய மேட்டுக்கு அடியில் இருக்கும் கார்பெட்டும் அந்தக் கார் எப்படி ஓட்டப்பட்டது, எங்கே நின்றது என்று சொல்லும். அதைப் பார்க்காமல் தூக்கிப் போட்டால் புது டயரும் அதே இடத்தில் தேயும். புது மேட் பழைய ஈரத்தை மூடிவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது 3 சீரிஸின் எஃப்30 தலைமுறை 320டி. 2012-இல் இந்தியாவுக்கு வந்து, 2019-இல் அடுத்த தலைமுறையான ஜி20 வரும்வரை விற்ற கார் இது. மறைமலை நகர் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 3 சீரிஸைப் பொருத்தி விற்றார்கள். செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. மெர்சிடீஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பழைய டயரைப் பாருங்கள்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு முன் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவுங்கள். பின் டயருக்குக் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் டிரெட் (சாலையில் படும் பள்ளவரிப் பகுதி) நன்றாகவே தெரியும். உள் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, சில சமயம் கம்பி வெளியே வந்திருக்கும். இதற்குக் காரணம் டயர் இல்லை. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அளவு தவறியிருக்கும், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறியிருக்கும், அல்லது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் தளர்ந்திருக்கும். புஷ் தளர்ந்த காரில் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது. எனவே முதலில் சஸ்பென்ஷன், அடுத்து டயர், கடைசியில் அலைன்மென்ட். புது டயர் போட்டுவிட்டுப் புஷ்ஷை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த டயரின் உள் ஓரம் அதற்குள் போய்விடும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். டிரெட் மேடு பள்ளமாக, கையில் அலை அலையாகத் தட்டினால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால், மற்ற செலவுகளிலும் பழைய உரிமையாளர் அப்படித்தான் இருந்திருப்பார் என்று வைத்துக்கொண்டு சர்வீஸ் ரெக்கார்டைக் கவனமாகப் பாருங்கள்.

டயரின் வயதைப் பக்கச் சுவரான சைடு வாலில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கச் சைடு வாலில் இந்த நான்கு இலக்கம் இல்லாமலும் இருக்கலாம். அப்போது மறுபக்கம் பாருங்கள். லக்ஸுரி கார்கள் பல சமயம் குறைவாக ஓடி, வெயிலில் அதிகம் நிற்பவை. 30 ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய டயரில்கூட ரப்பர் இறுகி, டிரெட்டுக்கு இடையில் வெடிப்பு விட்டிருக்கும். டிரெட் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் கடந்த டயரை மாற்றுவது நல்லது. சைடு வாலில் முட்டை போல வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதற்கு ரிப்பேர் கிடையாது, அந்த டயரில் ஹைவே ஏறக் கூடாது.

எந்த அளவு, எந்த வகை

டிரைவர் கதவைத் திறந்தால் அதன் ஓரமாக உள்ள ஸ்டிக்கரில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். பழைய உரிமையாளர் போட்டிருக்கும் அளவை நம்பாமல் இதையே நம்புங்கள். 17 அங்குல ரிம் உள்ள எஃப்30-க்கு 225/50 ஆர்17, அதாவது அகலம் 225 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 50 சதவீதம், ரிம் 17 அங்குலம். 18 அங்குல ரிம் உள்ள சில கார்களில் முன்னால் 225/45, பின்னால் 255/40. இப்படி முன்னும் பின்னும் அளவு மாறினால் டயரை முன்பின் மாற்றிப் போட முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது என்று 225/55 போடச் சொல்லும் கடைகள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 225/50 ஆர்17-இன் விட்டம் சுமார் 657 மில்லிமீட்டர், 225/55-க்கு 679. வண்டி உயர்வது 11 மில்லிமீட்டர்தான். ஆனால் சக்கரம் 3.4 சதவீதம் பெரிதாகிறது. அந்த அளவுக்கு ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், ஓடோமீட்டரும் குறைவாக ஏறும், முழுக்கத் திருப்பும்போது உள் லைனரில் உரசவும் வாய்ப்புண்டு. அந்தப் 11 மில்லிமீட்டருக்காக இதெல்லாம் தேவையில்லை.

அளவுக்குப் பின்னால் வரும் 94டபிள்யூ போன்ற குறியையும் விடாதீர்கள். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர் வேகம்வரை சோதிக்கப்பட்டது. நம் சாலையில் அந்த வேகம் யாருக்கும் வேண்டாம். ஆனாலும் ஸ்டிக்கரில் உள்ள லோடு எண்ணுக்குக் குறைந்த டயரைப் போடவே கூடாது. வேகக் குறியையும் குறைக்காமல் இருப்பதே சரி.

இனி பெரிய முடிவு: காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட்டா, சாதாரண டயரா? எஃப்30 ரன்ஃபிளாட்டுக்காகவே வடிவமைத்த கார். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பள்ளம் கிடையாது. இப்போது இருப்பது எது என்று சைடு வாலில் பாருங்கள். ஆர்எஸ்சி, பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிஷ்லினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர் என்று இருந்தால் ரன்ஃபிளாட். காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். இரவில் குடும்பத்தோடு உளுந்தூர்பேட்டை தாண்டிப் போகும்போது இதன் அருமை தெரியும். ஆனால் சைடு வால் விறைப்பானது, ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வரும், அதே அடி ரிம்மையும் வளைக்கும். விலை அதிகம். காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டைப் பஞ்சர் ஒட்டி மறுபடி போடுவது நம்பத்தக்கதல்ல, ஏனென்றால் உள்ளே சைடு வால் சேதமானது வெளியில் தெரியாது.

2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கியது. வெளிநாட்டிலிருந்தே வரும் ரன்ஃபிளாட் அளவுகள் அதன்பின் சுலபமாகக் கிடைப்பதில்லை. கடையில் இருக்கிறது என்று சொன்னால் உடனே பணம் கட்டாமல் தயாரிப்பு வாரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் கிடங்கில் இருந்ததற்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு எங்கள் சிபாரிசு, நல்ல சாதாரண டயர் நான்கு. ஓட்டம் மென்மையாகும், சத்தம் குறையும். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு காரில் ரன்ஃபிளாட்டும் சாதாரணமும் கலக்கக் கூடாது. மாற்றியதும் சிகரெட் லைட்டரில் ஓடும் காற்றுப் பம்பும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் நிரந்தரமாக இருக்கட்டும். அடிக்கடி தொலைதூரம் போகிறவர்கள், தனியாக ஓட்டுகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் ரன்ஃபிளாட்டிலேயே இருப்பது மேல்.

நம் ஊருக்கு டயர் வாங்கும்போது ஈரத்தில் பிடிப்பு, அமைதி, ஆயுள் என்ற வரிசையில் பாருங்கள். சட்டப்படி டிரெட் 1.6 மில்லிமீட்டர்வரை இருந்தால் போதும். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மழைத் தண்ணீரில் கார் வழுக்கத் தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அளந்து பார்த்துவிடுங்கள். இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது, நான்கும் ஒரே அளவு என்றால், புதிய இரண்டும் பின்னால் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கிலேயே தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

மாட்டும் நாளில்

டயரைக் கழற்றியவுடன் ரிம்மை மட்டும் பேலன்சிங் மெஷினில் சுற்ற வைத்து உள் விளிம்பைப் பாருங்கள். நெளிந்த ரிம்மில் புது டயர் போட்டால் 80, 100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், பழி டயர் மேல் விழும். வண்டியைத் தூக்க ஜாக் அதற்கென்று உள்ள பேட்களுக்குக் கீழே மட்டும் நிற்க வேண்டும். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை இறுக்க விடாதீர்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 140 நியூட்டன் மீட்டர், 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒரு முறை. அலைன்மென்ட் நான்கு சக்கரத்துக்கும் வேண்டும். எஃப்30-இல் பின் சக்கரத்துக்கும் டோ, கேம்பர் இரண்டையும் சரிசெய்யலாம். முன்னால் மட்டும் செய்து அனுப்பும் கடைக்குப் போகாதீர்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது ஸ்டிக்கர் அளவுக்கு நிரப்பிவிட்டு, காரின் திரையில் ஐடிரைவ் மெனுவில் டயர் ரீசெட் கொடுங்கள்.

மேட்

பழைய மேட்டைத் தூக்கிக் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரம் இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயோ சன்ரூஃப் வடிகாலோ அடைத்திருக்கலாம். சேறு வாடை, சீட் போல்ட்டில் துரு, கார்பெட்டின் அடியில் மெல்லிய வண்டல் என்று எல்லாம் சேர்ந்திருந்தால் கார் வெள்ளத்தில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. ஈரம் முழுக்கக் காயாமல் எந்த மேட்டையும் போட வேண்டாம். வயரிங் அந்தக் கார்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது.

செயற்கைத் தோலால் ஆன 7டி லெதரெட் மேட் பார்க்க அழகு. ஆனால் அது கார்பெட்டை முழுக்க மூடுவதால் கீழே கசிவது தெரியாது. பல மேட்கள் முன் சீட்டுக்கு அடியில் பின் பயணிகளுக்கு வரும் ஏசி வாயையும் அடைக்கின்றன. காருக்கென்றே அச்சில் வார்த்த டிபிஇ (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) மேட்டே இந்தக் காருக்கு ஏற்றது. வெயிலில் நாற்றம் குறைவு, சுற்றிலும் உயர்ந்த விளிம்பு மழைத் தண்ணீரைத் தாங்கும், கழற்றிக் குழாயடியில் கழுவலாம். சுருள் இழைகளால் ஆன நூடுல்ஸ் மேட் மணலை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் உள்ளவர்களுக்கு வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் வலது பக்க ஸ்டீயரிங்குக்கான அச்சா என்று உறுதிப்படுத்துங்கள். அமெரிக்க மேட் இங்கே உட்காராது.

டிரைவர் மேட்டில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். 2009-இல் அமெரிக்காவின் சான்டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் இஎஸ் 350-இல் வேறொரு லெக்ஸஸ் மாடலின் ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள். அதில் ஆக்சிலரேட்டர் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது அதன் பிறகுதான். எஃப்30-இன் ஆக்சிலரேட்டர் தரையிலிருந்தே எழுவது. அதன் அடிப்பகுதியில் மேட்டின் தடித்த ஓரம் ஏறினால் பெடல் முழுக்க இறங்காது, அல்லது சீராகத் திரும்பாது.

மாட்டியபின் எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். தரையில் உள்ள கிளிப்பில் மேட் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். குதிகாலால் மேட்டை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி விடுங்கள். உடனே மேலே வர வேண்டும். பெடலுக்கும் மேட்டுக்கும் இடையில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். பிரேக்குக்கும் இதே சோதனை. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி மேட் சுருளவில்லை என்று பாருங்கள். கம்பெனி மேட்டின் மேலேயே புது மேட்டைப் போடாதீர்கள். ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் மற்றொன்று. வாட்டர் வாஷ் முடிந்து கார் வரும் ஒவ்வொரு முறையும் கிளிப்பை மறுபடி பாருங்கள், கழுவுகிறவர்கள் மேட்டைப் பூட்டாமல் வெறுமனே விரித்துவிட்டுப் போவது வழக்கம்.