ஆசிலோஸ்கோப்பின் கறுப்பு கிளிப்பும் வேறு சில தவறுகளும்

மின், மின்னணுவியல் டிப்ளமோ படிக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதியைப் பற்றி எழுதத் தேவையே இல்லை. எல்இடியைத் திருப்பி மாட்டுவது, பிரெட்போர்டில் ஒரு வரிசை தள்ளிச் செருகுவது எல்லாம் நாலு லேப் முடிவதற்குள் தானாகச் சரியாகிவிடும். நாங்கள் படித்த நாளிலிருந்து இன்றுவரை மாறாமல் தொடர்கிற, பொருளையும் சில சமயம் ஆளையும் பதம் பார்க்கிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆசிலோஸ்கோப்பைப் படம் காட்டும் மல்டிமீட்டர் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மாணவர்கள் முதலில் பழகுவது மல்டிமீட்டர். அது பேட்டரியில் ஓடுவது. இரண்டு லீடையும் எந்த இரண்டு புள்ளியில் வைத்தாலும் இடையே உள்ள மின்னழுத்தத்தைக் காட்டும். மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் அலையாக வரையும் ஸ்கோப் அப்படி இல்லை. மேஜையில் மெயின்ஸில் ஓடும் ஸ்கோப்பில், புரோப்பின் (அளக்கும் லீடின்) கறுப்பு கிளிப் கேபிளின் வெளியுறை வழியாக ஸ்கோப்பின் உடலுக்கும், அங்கிருந்து பிளக்கின் எர்த் முனைக்கும் நேராகப் போகிறது. கிளிப்பை எங்கே மாட்டினாலும் அந்தப் புள்ளியை எர்த் செய்கிறீர்கள் என்று பொருள்.

ஒரு மாணவர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) போர்டு ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு அடுத்த பெரிய கெப்பாசிட்டரின் மைனஸ் முனையில் கிளிப்பை மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார். மைனஸ் என்றால் கிரவுண்டுதானே என்பது அவர் கணக்கு. ‘டப்’ என்று ஒரு சத்தம். பிரேக்கர் விழுந்தது, கிளிப்பின் முனை உருகியது, பிரிட்ஜ் வெடித்தது.

நடந்தது என்னவென்றால், அந்த மைனஸ் முனை ஓர் அரைச் சுழற்சியில் டயோடு வழியாக நியூட்ரலோடு இணைந்திருக்கும், அடுத்த அரைச் சுழற்சியில் ஃபேஸோடு. 230 வோல்ட் மெயின்ஸின் உச்சம் கிட்டத்தட்ட 325 வோல்ட். அந்த ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மிஞ்சியது ஒரு டயோடும் ஒரு மெல்லிய கிளிப் வயரும்தான்.

இதைவிட மோசம், பலரும் இதற்குக் கண்டுபிடிக்கும் ‘தீர்வு’. ஸ்கோப்பின் எர்த் முனையைத் துண்டித்துவிடுவது, அல்லது இரண்டு முனை அடாப்டரில் செருகுவது. பிரேக்கர் விழாதுதான். ஆனால் இப்போது கிளிப் தொடும் மின்னழுத்தம் முழுவதும் ஸ்கோப்பின் உடலில் இருக்கிறது, பக்கத்து சேனலின் சாக்கெட்டிலும் இருக்கிறது. அடுத்து அதைத் தொடப்போவது யாருடைய கை? சீனியர்கள் இதை ஒரு நுணுக்கம்போல ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள்.

சரியான வழிகள் இருக்கின்றன. எர்த்தோடு இணையாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் இரண்டு 10எக்ஸ் புரோப்களை இரண்டு புள்ளிகளில் வையுங்கள். கிளிப்களைச் சுற்றில் எங்கும் மாட்டாமல், இரண்டு சேனலையும் ஒரே அளவீட்டில் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். புரோப்பில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்த வரம்பை முதலில் படித்துவிடுங்கள். மூன்றாவது வழி, மெயின்ஸிலிருந்து சுற்றைப் பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். அதைச் சோதிக்கும் போர்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், ஸ்கோப்புக்கு அல்ல. அப்போதும் அலட்சியம் கூடாது. கிளிப்பை மாட்டியதும் அந்தப் புள்ளி எர்த் ஆகிவிடுகிறது. போர்டின் வேறொரு புள்ளியைத் தொட்டால் ஷாக் அடிக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இருக்கும் ஆர்சிடி (கசிவு மின்னோட்டத்தைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளாது.

சொல்லிக்கொடுப்பவர்களிடமும் குறை இருக்கிறது. முதல் ஸ்கோப் லேப்பில் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஒரு சைன் அலையைக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறோம். ஸ்கோப்பை அணைத்து பிளக்கைக் கழற்றிவிட்டு, கிளிப்புக்கும் அந்த பிளக்கின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரின் பீப் ஒலியை ஒருமுறை கேட்கவைத்தால் போதும், யாரும் மறக்கமாட்டார்கள்.

ஏசி மின்னழுத்தங்களை அப்படியே கூட்டுவது

தொடர் சுற்றில் ரெசிஸ்டரில் 30 வோல்ட், இண்டக்டரில் 40 வோல்ட் என்றால் மொத்தம் 70 அல்ல, 50. இரண்டுக்கும் இடையே 90 டிகிரி கட்ட வேறுபாடு. இந்தக் கூட்டலுக்கு உதவும் கலப்பெண்களைக் கணக்குப் பாடம்தானே என்று தள்ளிவைத்தவர்கள் மின்மாற்றி, மோட்டார், திறன் காரணி என்று எல்லா இடத்திலும் தடுமாறுவார்கள்.

டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தோடு நிறுத்துவது

7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) என்றால் 1 ஆம்பியர் தரும் என்று மனப்பாடம். 12 வோல்ட் கொடுத்து 5 வோல்டில் அரை ஆம்பியர் எடுத்தால்கூட அதில் 3.5 வாட் வெப்பமாகிறது. ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 உறைக்கு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி சூடேறும் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 200-ஐத் தாண்டும். அதற்கு முன்பே ஐசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அப்புறம் ‘டூப்ளிகேட் ஐசி சார்’ என்று வந்து நிற்பார்கள்.

கெப்பாசிட்டர்

சுவிட்சை அணைத்தாலும் சார்ஜ் இருக்கும். அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

10 ஆம்பியர் துளை

மல்டிமீட்டரில் மின்னோட்டம் அளந்த கையோடு சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட ஒரு ஷார்ட் சர்க்யூட். அடுத்து அந்த மீட்டரை எடுப்பவர் மெயின்ஸை அளக்கப் போகலாம்.