மூட்டுவலி மாவு வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூட்டுவலி மாவையோ இனிப்புநீர் (நீரிழிவு) கேப்சூலையோ "விஞ்ஞானிகளே நிரூபித்தது" என்று நீட்டினால், முதலில் டப்பாவைத் திருப்புங்கள். அதில் மருந்துப் பதிவு எண் இருக்க வேண்டும்: எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, 8 இலக்கங்கள், அவற்றை அடுத்து ஓர் எழுத்து. பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து 'டி' (T).

எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். வேறு பொருளின் எண்ணை அச்சடிப்பவர்களும் உண்டு. கைப்பேசியில், மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் (NPRA) தளத்தில் அதைத் தேடி, பொருளின் பெயரும் தயாரிப்பாளரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனாலும், பாரம்பரிய மருந்துக்கு அது தரம், பாதுகாப்பு பார்த்ததற்கான அடையாளமே. நோய் குணமாகும் என்பதற்குச் சான்று அல்ல. இனிப்புநீரையோ புற்றுநோயையோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது.

இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதா? அங்கேதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட மாவுகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது வலியை அமுக்கும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு குறைந்திருக்கும், சட்டென்று நிறுத்துவது ஆபத்து. டப்பாவோடு அன்றே அரசு கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டதே" என்பார்கள். மூட்டுவலி ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்தைத் தேடுகிறோம், பிறகு அது தானாகவும் தணியும். அதனால் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: இதைச் சாப்பிடாதவர்களுக்கு எப்படி இருந்தது?