பாலிமர் ஒளிச்சுற்று: இரண்டாவது அடுக்கில் நடக்கும் தவறுகள்

சிலிக்கான் வேஃபரின் (மெல்லிய வட்டத் தகட்டின்) மேல் ஒரே அடுக்கில் பாலிமர் அலைவழி, அதாவது ஒளி ஓடும் மெல்லிய பாதை, போடப் பலருக்கும் வந்துவிடுகிறது. அதன்மேல் இரண்டாவது அடுக்கை ஏற்றும்போதுதான் வேலை கெடுகிறது. மேலே நாம் செய்யும் ஒவ்வொன்றும் கீழே ஏற்கெனவே முடித்து வைத்ததையும் போய்த் தாக்கும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

பெரிய தவறு, கரைப்பானைப் பார்க்காமல் பொருளைத் தேர்ந்தெடுப்பது. ஒளி ஓடும் உள்ளகத்துக்கு எஸ்யூ-8 (ஒரு வகை எப்பாக்சி), சுற்றி உறையாக பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிவிலகல் எண் முறையே ஏறக்குறைய 1.57, 1.48. கணக்குக்கு அருமையான ஜோடி. ஆனால் எஸ்யூ-8 2000 வகைத் திரவத்தில் இருக்கும் சைக்ளோபென்டனோன் என்ற கரைப்பான் பிஎம்எம்ஏவைக் கரைக்கக்கூடியது. ஊற்றிச் சுழற்றும்போதே இரண்டும் எல்லையில் கலந்துவிடும். ஒளியை உள்ளே பிடித்து வைப்பதே அந்த எல்லைதான். அது குழம்பினால் ஒளி சிதறும். கெட்டியானபின் கரையாத எப்பாக்சி வகை உறையே நல்லது. எதை எடுத்தாலும், கீழ் அடுக்கு பூசிய ஒரு துண்டு வேஃபரில் மேல் அடுக்கின் கரைப்பானை ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் தடிமனை அளந்து பாருங்கள். சில நிமிட வேலை இது, தவிர்க்கவே கூடாது.

அப்புறம் சூடு. பிஎம்எம்ஏ சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். மேலே உள்ள எஸ்யூ-8-க்கு 150 டிகிரியில் இறுதிச் சூடு கொடுத்தால் அடியில் இருப்பது என்ன ஆகும்? அதோடு, எஸ்யூ-8 சூட்டில் விரிவது சிலிக்கானைவிடச் சுமார் 20 மடங்கு அதிகம். சூடான தட்டிலிருந்து எடுத்து நேரே குளிர்ந்த உலோகத்தில் வைத்தால் அலைவழியின் மூலைகளில் விரிசல் விழும். தட்டை அணைத்துவிட்டு, அதன் மேலேயே மெதுவாக ஆறவிடுங்கள்.

உறையைப் பூசினால் மேல்பரப்பு தானே சமமாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். கீழே 2 மைக்ரான் உயர அலைவழி இருந்தால் மேலேயும் ஒரு மேடு தெரியும். மேல் அலைவழி அதைக் கடக்கிற இடத்தில் வளைந்து ஒளியை இழக்கும். தடிமனாக, இரண்டு தடவையாகப் பூசி, மேட்டின் உயரத்தை அளந்தபிறகே அடுத்த அடுக்குக்குப் போகலாம். உறையை மெல்லியதாக விட்டாலும் ஆபத்துதான்: மேல் ஒளி கீழே கசியும்.

நேர்ப்படுத்தும்போது ஒவ்வொரு அடுக்கையும் அதற்கு முந்தைய அடுக்கோடு பொருத்தினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். வேஃபரிலேயே முதலில் உலோகக் குறிகளைப் பதித்து, எல்லா அடுக்குகளையும் அவற்றோடு மட்டும் பொருத்துங்கள்.