பயண வானில் இரண்டு பற்றறிகள்: எந்த வயர் எங்கே?

மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிட்டு அறுகம்பைக்கோ குமனைப் பக்கமோ போய் வான் வாகனத்திலேயே இரவு தங்குபவர்களுக்கு, பின்பக்கத்தில் தனிப் பற்றறி அவசியம். நான் என் வானுக்குக் கட்டிய முறையை முதன்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடைக்குப் போகமுன் கணக்குப் போடுங்கள். 12 வோல்ற்றில் ஓடும் 20 வாற் மின்விசிறி ஏறத்தாழ 1.7 அம்பியர் எடுக்கும். 10 மணித்தியாலத்துக்கு 17 அம்பியர்-மணி. 45 வாற் சின்னப் பிரிட்ஜ் அந்த இரவில் பாதி நேரம் ஓடினால் 19. விளக்குகளுக்கு ஒரு 4. ஆக, ஓர் இரவுக்கு 40. ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆயுள் குறைந்துவிடும். அதனால் 100 அம்பியர்-மணிப் பற்றறி ஒன்று ஓர் இரவுக்குக் காணும். இரண்டு இரவென்றால் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நேரத்தில் வாங்கியவையாக இருக்கட்டும்.

இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் தடித்த கேபிளால் இணையுங்கள். வோல்ற் 12 ஆகவே இருக்கும், கொள்ளளவு 200 அம்பியர்-மணி ஆகும். பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு தொடராக இணைத்தால் 24 வோல்ற் வந்து சாமான்கள் எரிந்துவிடும்.

பலர் பிழைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். வானுக்குள் போகும் பிளஸ் வயரை முதலாம் பற்றறியில் எடுத்தால், மைனஸை இரண்டாவதில் எடுங்கள், குறுக்காக. நான் முதல்முறை இரண்டையும் ஒரே பற்றறியில் மாட்டினேன். இரண்டாவதன் மின்சாரம் இணைப்புக் கேபிள்களையும் தாண்டி வரவேண்டியிருந்ததால், முதலாவதே அதிகம் உழைத்தது. சார்ஜ் ஏறும்போதும் அப்படித்தான். ஒரு வருடத்தில் அது மட்டும் செத்துப்போனது. குறுக்காக எடுத்தால் இரண்டுக்கும் வழி சமம். சார்ஜர் வயர்களையும் அப்படியே மாட்டுங்கள்.

பிரதான பியூஸ், பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். பியூஸ் காப்பாற்றுவது வயரை. பற்றறிக்கும் பியூஸுக்கும் இடையில் வயர் உரசி வானின் உடம்பில் பட்டால் நெருப்புத்தான், அதைத் தடுக்க எதுவும் இல்லை. 16 சதுர மில்லிமீற்றர் கேபிளுக்கு நான் 60 அம்பியர் போட்டிருக்கிறேன். பிரிட்ஜுக்கு மெல்லிய வயர் வேண்டாம்: 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் போய்வர 10 மீற்றர் என்றால், 5 அம்பியருக்கே 0.6 வோல்ற் வழியில் போய்விடும். 4 சதுர மில்லிமீற்றர் போடுங்கள்.

மோதிரம், சங்கிலியைக் கழற்றிவிட்டு வேலை தொடங்குங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி, கழற்றும்போது மைனஸ் முதலில். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸை முறுக்கும் ஸ்பனர் வானின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி கிளம்பும். என்ஜினை ஸ்டார்ட் செய்யும் பற்றறியோடு நேரடியாகக் கட்டாமல் நடுவில் ஒரு ரிலே (என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சுவிட்ச்) வையுங்கள், காலையில் வான் கட்டாயம் ஸ்டார்ட் ஆகவேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு வரும், பெட்டிக்கு வெளிக்காற்றுத் துளை வேண்டும்.

கல்லடிக் கடற்காற்று முனைகளை அரித்துவிடும். முறுக்கி முடித்தபின் அவற்றில் வாசலின் (Vaseline) களிம்பை வடிவாகப் பூசுங்கள்.

சில மணித்தியாலம் எதையும் ஓடவிடாமல் வைத்து மீற்றரால் அளந்தால் 12.6 வோல்ற் முழுமை, 12.2 பாதி. 12.2 வந்ததும் பிரிட்ஜை நிறுத்திவிடுங்கள்.