மவுஸை நம்பிய வியூக விளையாட்டை கேம்பேடுக்கு மாற்றுவது: தொடக்கக்காரர்களுக்கு ஒரு செய்முறை

நிகழ்நேர வியூக விளையாட்டுகள் மவுஸோடு வளர்ந்தவை. மேலிருந்து நிலப்பரப்பைப் பார்த்து, ஆட்களைக் கட்டம் போட்டுப் பிடித்து, இங்கே போ, அதை வெட்டு, அவனை அடி என்று வரிசையாக ஏவுகிற வகை. 1992-இல் வெஸ்ட்வுட் நிறுவனத்தின் டூன் 2 இந்த வகைக்கு அச்சு வார்த்தது. பிறகு அது செகாவின் மெகா டிரைவ் என்ற கன்சோலுக்கும், அதாவது டிவியில் இணைத்து ஆடும் கருவிக்கும், வந்தது. 2000-இல் ஸ்டார்கிராஃப்ட் நின்டெண்டோ 64-க்குப் போனது. விளையாட்டு போனதே தவிர, கணினியில் ஆடிப் பழகியவர்கள் அங்கே குடிபோகவில்லை.

பொத்தான் போதவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, மவுஸ் செய்ததை அப்படியே கேம்பேடில், அதாவது இரண்டு கையாலும் பிடித்து ஆடும் பொத்தான் கருவியில், செய்யப் பார்ப்பது. இந்தப் பதிவில் அதைத் தவிர்த்து, ஒரு சின்ன விளையாட்டைப் படிப்படியாக மாற்றிப் பார்ப்போம்.

மாதிரிக்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். இடம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. சித்தூர் தாலுகா, ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். தோப்பில் பன்னிரண்டு ஆட்கள், இரண்டு டிராக்டர், நான்கு நாய்கள். தேங்காய் பறித்துக் களத்தில் சேர்க்க வேண்டும். வாய்க்கால் கரை உடைந்தால் அடைக்க வேண்டும். ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் விரட்ட வேண்டும். ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் எப்போது வரும் என்பதை விளையாட்டு குலுக்கல் முறையில் முடிவு செய்யும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதே இல்லை.

எஞ்சின், அதாவது விளையாட்டை உருவாக்கும் மென்பொருள், எதுவானாலும் சரி. நான் இலவசமாகக் கிடைக்கும் கோடோவை வைத்துச் சொல்கிறேன், ஆனால் கணக்குகள் யூனிட்டிக்கும் பொருந்தும். கன்சோல் வாங்கத் தேவையில்லை. கேம்பேடை யூஎஸ்பி ஒயரில் லேப்டாப்போடு இணைத்தால் போதும். கன்சோலில் வெளியிடுவதற்கு அந்தந்த நிறுவனத்தில் டெவலப்பராகப் பதிவு செய்ய வேண்டும். அது பிறகு பார்த்துக்கொள்ளும் வேலை.

படி 1: வினைச்சொற்களை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஆடுபவர் செய்யும் காரியங்களை மட்டும் எழுதுங்கள். பார், தேர்ந்தெடு, போ, பறி, அடை, விரட்டு, கட்டு, நிறுத்து, திரும்பிப் போ. “ரைட் கிளிக்” என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அது கருவியின் வேலை, ஆடுபவரின் எண்ணம் இல்லை.

இப்போது கையிலிருப்பதை எண்ணுங்கள். எக்ஸ்பாக்ஸ் வகைக் கேம்பேடில் கட்டைவிரலால் எந்தப் பக்கமும் தள்ளும் இரண்டு ஸ்டிக், நான்கு திசைப் பொத்தான், வலப்பக்கம் நான்கு பொத்தான், ஆள்காட்டி விரல் படும் மேல் விளிம்பில் இரண்டு பம்பர், அவற்றுக்குப் பின்னால் இரண்டு ட்ரிக்கர், ஸ்டிக்கையே அழுத்தினால் இரண்டு, நடுவில் மெனு வகை இரண்டு. வலப்பக்கப் பொத்தான்களை நான் கீழ், வலது, இடது, மேல் என்றே சொல்லப்போகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்தும் சின்னமும் மாறும், இருக்கும் இடம் மாறாது.

படி 2: சுட்டியை நடுவில் கட்டிப்போடுங்கள்

இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். மவுஸில் கை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு அம்பும் நகரும். ஸ்டிக் அப்படி இல்லை. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று மட்டும்தான் அது சொல்லும். திரையில் ஓர் அம்பை விட்டு அதை ஸ்டிக்கால் ஓட்டினால், ஓரத்திலிருக்கும் பன்றியைத் தொடுவதற்குள் அது தோப்பைத் தாண்டிப் போயிருக்கும்.

ஆகவே அம்பு வேண்டாம். திரையின் நடுவில் ஒரு வட்டக் குறி நிலையாக இருக்கட்டும். இடது ஸ்டிக்கைத் தள்ளினால் நிலம் அதன் அடியில் நகரட்டும். கேமராவும் சுட்டியும் ஒன்றாகிவிட்டதால் ஒரு ஸ்டிக் மிச்சமாகிறது. வலது ஸ்டிக்கைச் சுழற்றவும் கிட்டே தூரப் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம்.

வேகக் கணக்கு இப்படி. ஸ்டிக்கின் தள்ளல் 0 முதல் 1 வரை வரும். கை வைக்காவிட்டாலும் பழைய ஸ்டிக் லேசாக ஆடும் என்பதால் 0.2-க்குக் கீழே வருவதை 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் டெட்ஸோன் என்கிறார்கள். மேலே வருவதில் 0.2-ஐக் கழித்து 0.8-ஆல் வகுத்து, கிடைத்ததை அதே எண்ணால் பெருக்குங்கள். ஸ்டிக் 0.6-இல் இருந்தால் 0.4 வகுத்தல் 0.8, அதாவது 0.5, தன்னோடு பெருக்கினால் 0.25. டெட்ஸோனைத் தாண்டிய தூரத்தில் பாதி தள்ளினால் கால் வேகம், முழுக்கத் தள்ளினால் முழு வேகம். முழு வேகம் என்பது ஒரு விநாடிக்கு ஒரு திரை அகலம் என்று தொடங்குங்கள். 1920 பிக்சல் திரையில் கால் வேகம் விநாடிக்கு 480 பிக்சல். ஒரு தென்னைமரத்தடியில் நிற்க இது போதுமான நிதானம்.

டெட்ஸோனை மேல்கீழ், இடவலம் என்று தனித்தனியாகக் கணக்கிடாதீர்கள். சாய்வாக நகரும்போது நேர் மேல்கீழாகவோ நேர் இடவலமாகவோ இழுத்துப் பிடிக்கும். மொத்தத் தள்ளலின் நீளத்தை வைத்துக் கணக்கிடுங்கள். கோடோவில் கெட் வெக்டர் என்ற செயல்கூறு டெட்ஸோனை வட்டமாகவே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் காந்தம். குறிக்கு 40 பிக்சலுக்குள் ஓர் ஆளோ பன்றியோ வந்தால் கேமரா வேகத்தைப் பாதியாக்குங்கள். பொத்தானை அழுத்தும்போது குறிக்கு நேர் அடியில் யார் என்று தேடாமல், 60 பிக்சலுக்குள் மிக அருகில் யார் என்று தேடுங்கள். ஓடும் பன்றியை ஸ்டிக்கால் துல்லியமாகப் பிடிக்க யாராலும் முடியாது. விளையாட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

படி 3: கட்டத்துக்குப் பதில் வட்டம்

மவுஸால் கட்டம் இழுப்பது இரண்டு மூலைகளைச் சொல்லும் வேலை. ஸ்டிக்குக்கு அது சள்ளை. கீழ்ப் பொத்தானுக்கு மூன்று வேலை கொடுங்கள்:

- தட்டினால், அருகில் இருக்கும் ஒருவர்.
- அழுத்திப் பிடித்தால், குறி வட்டமாக விரியும். அதை நகர்த்தும்போது வட்டம் தொட்டவர்கள் எல்லாரும் சேர்வார்கள்.
- 0.3 விநாடிக்குள் இரண்டு தட்டு தட்டினால், திரையில் தெரியும் அதே வகை முழுவதும். ஒரு நாயைத் தட்டினால் எல்லா நாயும்.

தட்டலா, பிடித்தலா என்று தெரியும்வரை காத்திருக்காதீர்கள். அழுத்தியவுடன் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், 0.25 விநாடி தாண்டியும் விடவில்லை என்றால் வட்டத்தை விரியுங்கள். காத்திருந்து முடிவெடுத்தால் விளையாட்டு மந்தமாகத் தோன்றும். ஆடுபவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் பிடிக்காது.

ஒரு பம்பரில் திரையில் தெரியும் எல்லாரும், மற்றதில் தோப்பு முழுக்க எல்லாரும். வலது பொத்தான் தேர்வை நீக்கும். வட்டத்துக்குள் கட்டடம் மாட்டினாலும் சேர்க்காதீர்கள்.

படி 4: ஏவலுக்கு ஒரே பொத்தான்

இடது பொத்தான். அதற்கு அர்த்தம், குறிக்கு அடியில் இருப்பதைப் பொறுத்தது. முன்னுரிமையை வரிசையாக எழுதிவையுங்கள்: பன்றி இருந்தால் விரட்டு, உடைந்த கரை இருந்தால் அடை, காய்த்த மரம் இருந்தால் பறி, எதுவும் இல்லை என்றால் அங்கே போ. பன்றியும் மரமும் ஒரே இடத்தில் இருந்தால் பன்றிதான். தேர்ந்தெடுத்தவர்களில் நாய் மட்டும் இருந்தால் மரத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், நாய் தேங்காய் பறிக்காது.

அழுத்தும் முன்பே என்ன நடக்கும் என்று குறி காட்ட வேண்டும்: மரத்தின் மேல் வந்தால் அரிவாள் படம், பன்றியின் மேல் தடி, கரையின் மேல் மண்வெட்டி. எழுத்து வேண்டாம், படம் போடுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுப் பையன் மலையாள மீடியம், அடுத்த வீட்டுப் பெண் தமிழ் மீடியம். இருவருக்கும் மண்வெட்டி தெரியும்.

படி 5: வட்ட மெனு

களம், தொழுவம், வேலி என்று கட்டுவதற்கு ஒரு பட்டியல் தேவை. மேல் பொத்தானைப் பிடித்தால் குறியைச் சுற்றி வட்ட மெனு விரியட்டும். எட்டுத் துண்டுக்கு மேல் போகாதீர்கள். 360-ஐ எட்டால் வகுத்தால் ஒரு துண்டு 45 பாகை. நேர் மேலே தள்ளினால் முதல் துண்டின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் அல்ல. அதனால் கோணத்தோடு 22.5 பாகையைக் கூட்டி, பிறகு 45-ஆல் வகுங்கள்.

ஸ்டிக்கை விட்டவுடன் அது துள்ளி நடுவுக்கு வரும். சில சமயம் எதிர்ப்பக்கம் லேசாகத் தாண்டும். விட்டதும் தேர்வு என்று வைத்தால் வேலி கேட்டவருக்குத் தொழுவம் கிடைக்கும். மெனுவில் மட்டும் டெட்ஸோனை 0.5 ஆக்கி, கடைசியாகத் தொட்ட துண்டை நினைவில் வைத்து, கீழ்ப் பொத்தானால் உறுதி செய்யுங்கள். துண்டுகளின் இடத்தை ஒருநாளும் மாற்றாதீர்கள். இப்போது கட்ட முடியாததைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள், எடுத்துவிட வேண்டாம். விரலுக்குப் பழகியது அந்தத் திசைதான்.

படி 6: தாவல்

தோப்பு பெரிது, கேமரா மெதுவானது. திசைப் பொத்தான்களில் தாவல் வையுங்கள். மேலே களத்துக்கு, இடப்பக்கம் சும்மா நிற்கும் ஆளுக்கு, வலப்பக்கம் கடைசியாக எச்சரிக்கை வந்த இடத்துக்கு, கீழே நாய்கள் இருக்கும் இடத்துக்கு. வலது ட்ரிக்கரைப் பிடித்துக்கொண்டு அதே நான்கையும் அழுத்தினால் நான்கு குழுக்கள். நீண்ட நேரம் பிடித்தால் இப்போதைய தேர்வு அந்தக் குழுவாகப் பதிவாகும். கணினியில் பத்துக் குழு வைத்திருந்தவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

படி 7: பொருந்தாததை விளையாட்டிலிருந்தே எடுங்கள்

இவ்வளவு செய்தும் ஆடுபவர் திணறினால், பொத்தானில் தேடாதீர்கள். விளையாட்டில் தேடுங்கள். 2009-இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் எக்ஸ்பாக்ஸ் 360-க்குச் செய்த ஹேலோ வார்ஸைப் பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் செய்த அதே ஆட்கள்தான், ஆனால் கிராமத்தானை மரம் வெட்ட ஏவுகிற வேலையே இதில் இல்லை. வளத்தைக் கட்டடங்களே தருகின்றன. கட்டடத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியும் இல்லை. தளத்தைச் சுற்றிக் குறித்த இடங்களில் மட்டும் கட்டலாம். படையின் அளவும் சின்னது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வெகு காலம் கழித்து, 2023 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது கிராமத்தார்களை வைத்துக்கொண்டது. ஆனால் எந்த வளத்துக்கு முன்னுரிமை என்று சொன்னால் அவர்களே பிரிந்து வேலைக்குப் போகும்படி ஒரு வசதி சேர்த்தது.

நின்டெண்டோவின் பிக்மின் 2001-இல் இன்னொரு வழி காட்டியிருந்தது: தலைவனே நிலத்தில் நடக்கிறான், விசில் அடித்தால் வட்டத்துக்குள் இருப்பவர்கள் பின்னால் வருகிறார்கள். என் ருசிக்கு கேம்பேடுக்கென்றே பிறந்த வழி இதுதான். ஆனால் முழுத் தோப்பையும் மேலிருந்து பார்க்கும் சுகம் போய்விடும்.

நம் தோப்பில் என்ன செய்யலாம்? பறித்து முடித்த ஆள் தானே அடுத்த காய்த்த மரத்துக்குப் போகட்டும். பன்றி பக்கத்தில் வந்தால் நாய் ஏவாமலே குரைத்துத் துரத்தட்டும். ஆடுபவர் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்பதை மட்டும் முடிவு செய்யட்டும்.

படி 8: கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்

கால்பந்து விளையாட்டு மட்டும் ஆடிய ஒருவரிடம் கேம்பேடைக் கொடுங்கள். என் அத்தை பேரன் பொள்ளாச்சியிலிருந்து லீவுக்கு வரும்போது அவன்தான் எனக்குச் சிக்குவான். “மாமா, இந்த நாயை எப்படிக் கூப்பிடறது?” என்று கேட்டால் பதில் சொல்லாமல், எந்தப் பொத்தானை முதலில் அழுத்துகிறான் என்று பாருங்கள். இரண்டு மூன்று பேர் அதே தவறான பொத்தானை அழுத்தினால் அந்த ஏவலை அங்கேயே மாற்றிவிடுங்கள். இதை லேப்டாப் முன்னால் செய்யாதீர்கள். டிவியில் இணைத்து, கட்டிலில் உட்காரும் தூரத்திலிருந்து பார்த்தால்தான் மரத்தின் மேலிருக்கும் அரிவாள் படம் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

வெளியே கொடுக்கும் முன் அமைப்புகள் பக்கத்தில் மூன்றைச் சேருங்கள்: கேமரா வேகம், டெட்ஸோன் அளவு, பொத்தான்களை மாற்றிக்கொள்ளும் வசதி. தேய்ந்த ஸ்டிக் உள்ள பழைய கேம்பேடில் 0.2 போதாது, 0.3 வரை ஏற்றிக்கொள்ள விடுங்கள்.