கெர்னல் மெமரி லாக்கில் த்ரெட்டுகள் வரிசையில் நிற்கின்றனவா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

த்ரெட்டை 8-லிருந்து 64 ஆக்கியாச்சு, கோர்களுக்கும் பஞ்சமில்லை, ஆனால் வேகம் கூடவில்லை, டாப் கட்டளையில் பார்த்தால் சிஸ்டம் நேரம் (கெர்னலுக்குள் செலவாகும் நேரம்) மட்டும் எகிறுகிறது என்றால், லினக்ஸில் நான் முதலில் சந்தேகப்படுவது எம்மேப் லாக்கைத்தான். ஒரு ப்ராசஸின் மொத்த முகவரி வெளிக்கும் (அது பயன்படுத்தும் நினைவக முகவரிகள் அனைத்துக்கும்) சேர்த்து ஒரே லாக் இது. 2020-ல் வந்த 5.8 கெர்னலுக்கு முன்னால் இதன் பெயர் எம்மேப் செம், பழைய குறிப்புகளைத் தேடும்போது நினைவில் வையுங்கள். பேஜ் ஃபால்ட், அதாவது இன்னும் இணைக்கப்படாத நினைவகப் பக்கத்தைத் தொடும்போது கெர்னல் தலையிடுவது, இதை ரீட் லாக்காக (பலர் ஒரே நேரத்தில் எடுக்கலாம்) எடுக்கும். நினைவகத்தை இணைக்கும் எம்மேப், விடுவிக்கும் எம்அன்மேப், அதன் அனுமதியை மாற்றும் எம்புரொடெக்ட் ஆகிய கெர்னல் அழைப்புகள் எல்லாம் ரைட் லாக்காக (ஒருவர் மட்டுமே எடுக்க முடியும்) எடுக்கும்.

"ரீட் லாக்தானே, எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாமே" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. ரைட் லாக் கேட்டு ஒருவர் காத்திருக்க ஆரம்பித்தால், அவருக்குப் பின்னால் வரும் ரீடர்களும் நிற்க வேண்டியதுதான். ஒரு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் நொடிக்கு ஒரு தடவை ப்ராக்கில் உள்ள, ப்ராசஸின் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் எஸ்மேப்ஸ் கோப்பைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸ் பெரியது என்றால், அது ரீட் லாக்கைப் பிடித்தபடியே பேஜ் டேபிளை (முகவரிகளை நினைவகப் பக்கங்களோடு இணைக்கும் அட்டவணையை) நெடுநேரம் அலசும். அந்த நேரம் பார்த்து ஒரு த்ரெட் எம்அன்மேப் கூப்பிட்டால் அது காத்திருக்கும், அதன் பின்னால் மற்ற த்ரெட்டுகளின் பேஜ் ஃபால்ட்டுகளும் வரிசையில் நிற்கும். பழி என்னவோ எம்அன்மேப் மேல் விழும், உண்மையில் எல்லாரையும் நிறுத்தியது அந்த ஸ்கிரிப்ட். யாருமே ரைட் லாக் கேட்காவிட்டாலும்கூட, ஒவ்வொரு ரீடரும் அதே எண்ணியை மாற்றுவதால் அது இருக்கும் கேஷ் லைன் (கேஷ் நினைவகம் ஒரே மூச்சில் கையாளும் சிறு துண்டு) கோருக்குக் கோர் தாவிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் பெரிய பஃபரை மேலாக் செய்து (நினைவகம் கேட்டு வாங்கி) உடனே ஃப்ரீ செய்வது. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் 128 கேபி தாண்டினால் மேலாக் நேராக எம்மேப்புக்குப் போகும், ஃப்ரீ செய்தால் எம்அன்மேப், இரண்டுமே ரைட் லாக். நல்லவேளையாக, அப்படி ஃப்ரீ ஆவதைப் பார்த்து ஜிலிப்சி அந்த வரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளும், ஆனால் ட்யூனிங் செய்கிறேன் என்று எம்மேப் த்ரெஷோல்ட் என்ற அந்த வரம்பை நீங்களே ஒரு எண்ணாக அமைத்துவிட்டால் இந்தத் தானியங்கி ஏற்பாடு அணைந்துவிடும். பஃபரை வைத்திருந்து மறுபடி பயன்படுத்துங்கள். நினைவகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றால் எம்அட்வைஸ் அழைப்பில் டோன்ட் நீட் (இது இப்போது தேவையில்லை என்ற குறிப்பு) கொடுங்கள், அதற்கு ரைட் லாக் தேவையில்லை. ஆனால் அடுத்த முறை தொடும்போது பேஜ் ஃபால்ட் மறுபடி வரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

"2023-ல் 6.4 கெர்னலோடு விஎம்ஏ (முகவரி வெளியின் ஒரு பகுதி) வாரியான லாக் வந்துவிட்டதே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கிறார்கள். அது முக்கியமாகப் பேஜ் ஃபால்ட்டுக்குத்தான். அதிலும் சில ஃபால்ட்டுகள் பழைய லாக்குக்கே திரும்பும். எம்மேப்பை ஓயாமல் கூப்பிடும் நிரலுக்கு வரிசை அப்படியே இருக்கும்.

கெர்னல் கோடே எழுதுகிறீர்களா? லாக்கைப் பிடித்துக்கொண்டு பேஜைப் பூஜ்யமாக்காதீர்கள், வெளியே செய்துவிட்டு உள்ளே வந்து இணையுங்கள். ஒரு லாக்கை இரண்டாகப் பிரித்துவிட்டு, இரண்டையும் ஒரே 64 பைட் கேஷ் லைனில் வைத்தால் பிரித்த பலன் பெரும்பாலும் போய்விடும். லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃபில் சி2சி ஓட்டினால் அது தெரியும். லாக்குக்காகக் காத்திருப்பது யார் என்று பார்க்க பெர்ஃப் லாக் கன்டென்ஷன் இருக்கிறது, கோடில் கைவைப்பதற்கு முன்பே அதை ஓட்டிவிடுங்கள்.