கேபிள், இணையக் கட்டணங்களைப் பேசிக் குறைப்பது எப்படி: காவிரிப் படுகை வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கேபிள் டிவிக்கு ஒன்று, வீட்டு இணையத்துக்கு ஒன்று என்று மாதந்தோறும் இரண்டு கட்டணங்கள் செலுத்தும் குடும்பங்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற நகரங்களில் மட்டுமல்லாமல் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இன்று பெருகிவிட்டன. இந்த இரண்டிலும் பேசிக் குறைக்க இடம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் குறைக்க முடியாத பகுதியை, அதைக் குறைக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் கேட்டுவிட்டு, "அவர் ஒத்துவர மாட்டார்" என்று சலித்துக்கொள்கிறார்கள். பில்லின் எந்தப் பகுதி யார் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பகுதியை மட்டும் அவரிடம் கேட்பதுதான் இங்கே விளக்கப்படும் முறை.

படி 1: பில்லை மூன்றாகப் பிரியுங்கள்

கேபிளானாலும் டிடிஎச் ஆனாலும் உங்கள் மாதச் சந்தாவில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, இணைப்பைத் தந்து பராமரிப்பதற்கான நெட்வொர்க் கட்டணம். இரண்டாவது, நீங்கள் எடுத்திருக்கும் கட்டணச் சேனல்களின் விலை. மூன்றாவது, இவ்விரண்டின் மீதும் விதிக்கப்படும் 18 சதவீத ஜிஎஸ்டி.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் வெளியிட்ட ஆணை, 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிரிவினை தெளிவாயிற்று. அப்போது 100 சேனல்கள் வரை நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருந்தது; 2020 திருத்தத்தில் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றானது. 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பே நீக்கப்பட்டுவிட்டதால், இப்போது நெட்வொர்க் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்து அறிவிக்கின்றன. பகுதிக்கு ஏற்ப, சேனல் எண்ணிக்கைக்கு ஏற்ப, வாடிக்கையாளர் வகைக்கு ஏற்ப அதை மாற்றி வைக்கவும் அவற்றுக்கு உரிமை உண்டு. வரம்பு போனது பயனாளிக்கு இழப்பு என்று தோன்றினாலும், பேரம் பேசுகிறவருக்கு இது ஒரு வாசலைத் திறந்துவிட்டது என்றே சொல்வேன்: ஒருவருக்கு ஒரு கட்டணம், மற்றொருவருக்கு வேறொரு கட்டணம் என்பது இப்போது விதிக்கு உட்பட்ட செயல்தான்.

கட்டணச் சேனலின் விலையோ அந்தச் சேனலை நடத்தும் நிறுவனம் வைப்பது. அதைக் குறைக்கச் சொல்லி உள்ளூர்க் கேபிள்காரரிடம் மன்றாடுவது, மேட்டூர் அணையைத் திறக்கச் சொல்லிக் கடைமடை விவசாயியிடம் கேட்பது போன்றது. அந்த விலையைக் குறைக்க முடியாது; அந்தச் சேனலை வேண்டாம் என்று சொல்ல மட்டுமே முடியும்.

அரசு கேபிள் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், இன்றைய பில்லைப் பார்த்ததும் ஆபரேட்டர்மீது கோபப்படுவது இயல்பு. அந்தக் கோபத்தோடு பேச்சைத் தொடங்க வேண்டாம். ஏறிய தொகையில் பெரும்பகுதி அவருக்குப் போவதில்லை.

படி 2: சேனல் பட்டியலைக் கையில் எடுங்கள்

உண்மையான சேமிப்பு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. இதற்கு யாரிடமும் பேரம் பேசவே வேண்டியதில்லை. ஒரு வாரம், வீட்டில் யார் எந்தச் சேனலைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். பாட்டியின் சீரியல், அப்பாவின் செய்தி, பிள்ளைகளின் கார்ட்டூன், எப்போதாவது கிரிக்கெட் என்று எழுதினால், பணம் கட்டிப் பார்க்கும் சேனல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருக்கும். செய்திச் சேனல்கள் பலவும் பொதிகை என்று நாம் பழகிய, இப்போது டிடி தமிழ் எனப்படும் அரசுச் சேனலும் இலவசச் சேனல்கள் என்பதால், அவற்றுக்குச் சேனல் விலை கிடையாது.

அடுத்து, உங்கள் பெயரில் இப்போது எந்தத் தொகுப்பு ஓடுகிறது என்பதை ஆபரேட்டரிடமோ செயலியிலோ பாருங்கள். ஆபரேட்டர் தம் வசதிக்காக ஒரு பெரிய தொகுப்பைத் தெரு முழுவதற்கும் போட்டு வைத்திருப்பது பரவலாக நடப்பதுதான். சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

தொகுப்பு லாபமா, தனிச் சேனல் லாபமா என்பதைக் கணக்கிடுவது எளிது. ஒளிபரப்பு நிறுவனம் தன் தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி, அதிலுள்ள சேனல்களின் தனி விலைகளைக் கூட்டி வருவதில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. தனியாக 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கப்பட்ட சேனலை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கக் கூடாது. எனவே, ஒரு தொகுப்பின் விலை 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் நீங்கள் பார்ப்பது 19 ரூபாய்ச் சேனல் ஒன்றும் 12 ரூபாய்ச் சேனல் ஒன்றும் மட்டுமே என்றால், தனியாக எடுத்தால் 31 ரூபாய்தான் ஆகும். அதே தொகுப்பில் ஐந்தாறு சேனல்களை வீட்டில் பார்க்கிறார்கள் என்றால் தொகுப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: நெட்வொர்க் கட்டணம் 130, சேனல்களுக்கு 150, ஆக 280 ரூபாய்; ஜிஎஸ்டி சேர்த்தால் 330 ரூபாய் 40 காசு. பார்க்காத சேனல்களில் 70 ரூபாய் மதிப்புள்ளவற்றை நீக்கினால் பில் 247 ரூபாய் 80 காசாக இறங்கும். வரியும் சேர்ந்து குறைவதால், நீக்கிய தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகவே மிச்சமாகிறது.

படி 3: கேபிள்காரரிடம் பேசுங்கள்

இப்போதுதான் பேச்சு தொடங்குகிறது. முதலில் எதிரில் நிற்பவரின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபரேட்டருக்குச் சேனல்களைத் தரும் பெரிய கேபிள் நிறுவனத்துக்கும் உள்ளூர் ஆபரேட்டருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நெட்வொர்க் கட்டணத்தை 55க்கு 45 என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்வது டிராய் வகுத்த வழி. 130 ரூபாயில் 58 ரூபாய் 50 காசு உள்ளூர்க்காரருக்கு. அதிலிருந்துதான் அவர் வசூல் ஆளுக்குச் சம்பளம் தருகிறார், அறுந்த ஒயரை மாற்றுகிறார், ஐப்பசி மழையில் கம்பம் ஏறுகிறார். மாதம் 50 ரூபாய் குறையுங்கள் என்று அவரிடம் கேட்டால் அவரால் முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அவரால் முடிந்தவை வேறு. இரண்டாவது டிவிக்கான கட்டணத்தைக் கேட்கலாம்: 2020 திருத்தத்தில் அதே வீட்டின் கூடுதல் இணைப்புக்கு முதல் இணைப்பின் நெட்வொர்க் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது. உச்சவரம்புகள் மாறிவிட்ட பிறகும், பேசத் தொடங்குவதற்கு அது ஒரு நியாயமான அளவுகோல். பழைய செட்டாப் பாக்ஸை இலவசமாக மாற்றித் தரச் சொல்லலாம். புது ரிமோட், மாடிக்கு ஒயர் இழுத்தல், அடாப்டர் ஆகியவற்றுக்கான தனி வசூலைத் தவிர்க்கச் சொல்லலாம். கோடையில் இரண்டு மாதம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகளோடு தங்கப் போகிறவர்கள், அந்தக் காலத்துக்கு இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லலாம்; அதற்கு விதியிலேயே இடமுண்டு, ஆனால் பதினைந்து நாள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், முழு மாதக் கணக்கில்தான் கேட்க வேண்டும்.

பேசும் விதம் இப்படி இருக்கலாம்:

"அண்ணே, இந்தப் பட்டியல்ல இருக்கற ஏழு சேனலையும் நாங்க பாக்கறதே இல்ல. அத எடுத்துட்டு, மாடி டிவிக்கும் ஒரு நல்ல ரேட்டாப் போட்டுக் குடுங்க. மூணு மாசத்துப் பணத்த இப்பவே ஜிபேல அனுப்பிப்புடுறேன்."

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. அவர் கையில் உள்ளதை மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்கு அவருக்கு ஒரு நன்மையும் தந்திருக்கிறீர்கள். வீடு வீடாக அலைந்து வசூலிப்பதே ஆபரேட்டரின் பெருந்தலைவலி என்பதால், முன்கூட்டியே வரும் பணத்துக்கு அவர் ஏதாவது விட்டுக்கொடுப்பார்.

படி 4: இணையத்துக்கு உங்கள் தெருவில் யார் யார் என்று பாருங்கள்

இணையத்தில் நிலைமை வேறு. இங்கே விலையைத் தீர்மானிப்பது போட்டி. கும்பகோணத்தில் ஒரே தெருவில் நான்கு நிறுவனங்களின் ஃபைபர் கம்பி ஓடலாம். திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஓர் ஊரில் பிஎஸ்என்எல் இணைப்புத் தரும் உள்ளூர்ப் பங்குதாரர் ஒருவர் மட்டுமே இருக்கலாம். முதலாவது இடத்தில் நீங்கள் கேட்கலாம், இரண்டாவது இடத்தில் வேறு வழியில் போக வேண்டும்.

மின்கம்பங்களில் தொங்கும் சிறு பெட்டிகளில் எழுதியிருக்கும் பெயர்களைப் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் எந்தத் திட்டம், உண்மையில் என்ன வேகம், மழைக்காலத்தில் எத்தனை நாள் போனது என்று கேளுங்கள். மழைக்காலத்துக் கேள்விதான் இந்தப் பகுதியில் மிக முக்கியமானது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது சாய்ந்த மின்கம்பங்களோடு கேபிளும் போயிற்று; அதற்குப் பிறகு யார் விரைவாகக் கம்பி இழுத்தார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். மலிவான இணைப்பு கார்த்திகை முழுவதும் செத்துக் கிடக்குமானால் அது மலிவானதல்ல.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். தெளிவான எச்டி வீடியோவுக்கு ஏறத்தாழ 5 எம்பிபிஎஸ் (Mbps, இணைய வேகத்தின் அளவு) போதும். ஆகவே, நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 30 அல்லது 40 எம்பிபிஎஸ் திட்டமே நிறைவாக இருக்கும்; 100, 200 என்று விற்பனையாளர் அடுக்கும்போது தலையாட்ட வேண்டாம். விளம்பர விலையின் மீது 18 சதவீத வரி ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது: 399 என்று சொல்வது கையிலிருந்து போகும்போது 470 ரூபாய் 82 காசு.

கம்பியே வராத வயல்வெளி வீடுகளுக்கு, 5ஜி அலை மூலம் இயங்கும் ஏர்ஃபைபர் இணைப்புகள் 2023இலிருந்து கிடைக்கின்றன. உங்கள் ஊரில் 5ஜி சிக்னல் நன்றாக இருந்தால், அதை எடுக்காவிட்டாலும்கூட, பேச்சில் சொல்வதற்கு ஒரு மாற்றாவது இருக்கும்.

ஒருவர் மட்டுமே இருக்கும் ஊரில் தனியாகப் பேசிப் பயனில்லை. தெருவாகப் பேச வேண்டும். பிரதான சாலையிலிருந்து உங்கள் தெருவுக்குள் ஃபைபர் இழுக்க ஆபரேட்டருக்குச் செலவு உண்டு, அதை ஒரே வீட்டுச் சந்தாவில் அவரால் மீட்க முடியாது. பத்து வீடுகள் ஒன்றாகப் பெயர் கொடுத்தால், நிறுவல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும் ரௌட்டருக்கான வைப்புத்தொகையைக் குறைப்பதும் அவருக்கே லாபமாகிவிடும்.

படி 5: நிறுவனத்திடம் பேசுங்கள்

ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவர்கள், திட்டம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைக்க வேண்டும். முடிந்த பிறகு அழைத்தால் இணையம் இல்லாத அவசரத்தில் நீங்கள்தான் இறங்கி வருவீர்கள்.

முதலில் எடுப்பவருக்குப் பெரும்பாலும் சலுகை தர அதிகாரம் இருக்காது. "இணைப்பைத் துண்டிக்க வேண்டும், அதற்கான வழிமுறையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், போகும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு அழைப்பு மாற்றப்படும், அல்லது அவர்களே பிறகு அழைப்பார்கள். அப்போது சொல்லுங்கள்: "எங்கள் தெருவில் இன்னொரு நிறுவனம் இதே வேகத்தை இவ்வளவுக்குத் தருகிறது, நிறுவல் கட்டணமும் இல்லை. நான் மூன்று ஆண்டுகளாகத் தாமதமின்றிக் கட்டி வருகிறேன். நீங்கள் என்ன தர முடியும்?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்; அந்த அமைதியை நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள். மாத விலை குறையாவிட்டாலும், அதே விலைக்கு அடுத்த வேகம், கூடுதல் நாட்கள், புது ரௌட்டர் என்று ஏதாவது வரும்.

இல்லாத போட்டியாளரைச் சொல்லி மிரட்ட வேண்டாம். உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். சரி, துண்டித்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டால் மானம் போகும்.

ஓடிடி (இணையவழிப் படம், தொடர் பார்க்கும் சேவை) சேர்ந்த திட்டம் என்று காட்டும்போது, அந்த ஓடிடி கைப்பேசிக்கு மட்டுமா, டிவிக்கும் வருமா, எத்தனை மாதம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: முன்பணத்தை யோசித்துக் கட்டுங்கள்

ஆறு மாதம், ஓராண்டு என்று மொத்தமாகக் கட்டினால் கூடுதல் நாட்களோ தள்ளுபடியோ கிடைப்பது வழக்கம். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் கைக்கு வரும் குடும்பங்களுக்கு அது ஏற்ற நேரம். ஐப்பசியில் ஓராண்டுக்குப் புதிதாகக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இணைப்பு ஒரு மழைக்காலத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டலாம். பெரிய நிறுவனத்தின் செயலியில் கட்டினால் ஓராண்டு வரை போகலாம். உள்ளூர் ஆபரேட்டர் கையில் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் அவர் தம் இணைப்புகளை இன்னொருவருக்கு விற்றுவிட்டால் உங்கள் முன்பணத்தின் மீதியைப் புதியவர் ஏற்பார் என்று சொல்ல முடியாது.

படி 7: பேசியதைப் பதிவாக்குங்கள்

வாய்மொழியில் முடிந்ததை அன்றே வாட்ஸ்அப்பில் ஓரிரு வரிகளாக அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கிவிடுங்கள்: எந்தச் சேனல்கள் நீக்கப்படுகின்றன, எந்தத் தேதியிலிருந்து, மாதம் எவ்வளவு, வைப்புத்தொகை திரும்பக் கிடைக்குமா. நிறுவன அழைப்பானால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் இணைய வாடகையில் தள்ளுபடி கேட்கலாம் என்பதால், பழுதான தேதியும் புகார் எண்ணும் இருந்தால் அந்தப் பேச்சு எளிதாக முடியும்.

சொன்ன சலுகை அடுத்த பில்லில் வராவிட்டால், முதலில் அதே புகார் எண்ணுடன் சேவை மையத்தைக் கேளுங்கள். இணைய நிறுவனத்தின் பதில் நிறைவு தராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை. கேபிள், டிடிஎச் புகார்களுக்கு அந்த நிறுவனங்களில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி இருக்கிறார். டிராய்க்கு நேரடியாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், தனிமனிதப் புகார்களை அது விசாரிப்பதில்லை. இரண்டு வழியிலும் தீராதவற்றுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யலாம்.